வாயேஜர் இன்னும் பேசுகிறதா? பெங்களூர் வாசகர்களின் கேள்விகள்

கேள்வி: எங்கள் அல்சூர் வீட்டில் உள் அறைக்குப் போனாலே செல்போன் சிக்னல் போய்விடுகிறது. அவ்வளவு தூரத்தில் இருக்கும் நாசாவின் வாயேஜர் 1 விண்கலம் அனுப்புவது மட்டும் எப்படி வந்து சேர்கிறது?

பதில்: அது அனுப்பும் சக்தி 23 வாட் அளவுதான். ஆனால் 3.7 மீட்டர் டிஷ் அதைக் குவித்துப் பூமியை நோக்கி அனுப்புகிறது. இங்கே கோல்ட்ஸ்டோன், மாட்ரிட், கான்பெராவில் நாசாவின் ஆன்டெனாக்கள், 70 மீட்டர் விட்டம் வரை உள்ளவை, கடுங்குளிரில் வைத்த ரிசீவர்களோடு காத்திருக்கின்றன. அப்படியும் வினாடிக்கு 160 பிட்தான் வரும். ஒரு கட்டளை போய்ச் சேரவே 23 மணி நேரத்துக்கு மேல் ஆகும், பதில் வரவும் அதே அளவு. 2023 நவம்பரில் அது அர்த்தமில்லாத தரவாகவே அனுப்ப ஆரம்பித்தபோது, பழுதான மெமரி சிப்பில் இருந்த நிரலைத் துண்டு துண்டாகப் பிரித்து வேறு இடங்களுக்கு மாற்றி, ஒவ்வொரு முயற்சிக்கும் கிட்டத்தட்ட இரண்டு நாள் காத்திருந்து, 2024 ஏப்ரலில் மறுபடி ஒழுங்காகப் பேசவைத்தார்கள். இதைவிட அழகான பொறியியல் வேலையை நான் பார்த்ததில்லை.

கேள்வி: பெங்களூர் பக்கத்தில் பியாலாலுவில் இஸ்ரோ வைத்திருக்கும் நம்ம ஆன்டெனா போதாதா?

பதில்: அங்கே இருப்பதில் பெரியது 32 மீட்டர். 70 மீட்டர் டிஷ்ஷின் பரப்பு அதைப்போல ஐந்து மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. நெதர்லாந்தில் ட்விங்கெலோவில் 25 மீட்டர் தொலைநோக்கியை வைத்தே ஆர்வலர்கள் வாயேஜர் 1 அனுப்பும் அலையைப் பிடித்திருக்கிறார்கள். உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அந்த அளவு போதும். என்ன சொல்கிறது என்று படிக்கத்தான் பெரிய காது வேண்டும்.

கேள்வி: சோலார் பேனல் வைத்திருக்கலாமே?

பதில்: வியாழனிலேயே நமக்குக் கிடைக்கும் வெயிலில் 25ல் ஒரு பங்குகூடக் கிடையாது. நாசாவின் ஜூனோ விண்கலம் பெரிய பேனல்களோடு அங்கே சமாளித்தது, சரி. அதற்கு அப்பால், தானாகச் சிதைந்து வெப்பம் தரும் புளூட்டோனியம் 238ஐ வைத்து மின்சாரம் எடுப்பதுதான் வழி. வாயேஜர் கிளம்பியபோது சுமார் 470 வாட் இருந்தது, வருடத்துக்கு 4 வாட் போல குறைகிறது, அதனால்தான் கருவிகளை ஒவ்வொன்றாக அணைக்கிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது, ஏனென்றால் சூரியக் காற்றின் (சூரியனிலிருந்து வீசும் துகள்களின்) எல்லைக்கு வெளியே இருந்து அளந்து சொல்ல வாயேஜர் 1, 2 என்ற இந்த இரண்டு கலங்களை விட்டால் நமக்கு வேறு கிடையாது. இஸ்ரோ சந்திரயான் 3ன் உந்துகலத்தில் இதேபோல அணுச் சிதைவில் வெப்பம் மட்டும் தரும் இரண்டு சிறிய கருவிகளை வைத்துப் பார்த்தது. மின்சாரம் தரும் அளவுக்கு அதை வளர்த்தால்தான் நாமும் சனிப் பக்கம் போகலாம்.

கேள்வி: வாயேஜரில் வாழ்த்துகளும் இசையும் பதிந்து அனுப்பிய தங்க இசைத்தட்டில் தமிழ் உண்டா?

பதில்: இல்லை, எனக்கும் வருத்தம்தான். 55 மொழி வாழ்த்துகளில் கன்னடமும் தெலுங்கும் இருக்கின்றன. அப்புறம், இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்கர் பாடிய பைரவி ராகப் பாட்டு இருக்கிறது, கட்டாயம் கேளுங்கள்.