சரளைக்கல் நிலத்தில் முதல் தோட்டம்: லோடு மண் வாங்கலாமா?

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் புது வீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். பின்னால் 600 சதுர அடி காலி இடம். மண்வெட்டி அரை அடிகூட இறங்கவில்லை, எங்கே வெட்டினாலும் கல். கத்தரி, தக்காளி, கீரை போட ஆசை. இதுவரை தொட்டிச் செடிகூட வளர்த்ததில்லை. செம்மண் அடித்து நிரப்பச் சொல்கிறார் லாரிக்காரர். நர்சரியிலோ மூட்டைக் கலவை மண்தான் சரி என்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். முதலில் ஒரு கடப்பாரை போதும். ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி எடுத்து, சாயங்காலம் தண்ணீர் நிரப்பி வையுங்கள். காலையில் வற்றியிருந்தால் கல்லுக்கு நடுவே வேர் இறங்க வழி இருக்கிறது. தேங்கியே நின்றால் அடியில் பாறையாக இருக்கலாம்; அங்கே மேட்டுப்பாத்திதான் ஒரே வழி.

லாரி மண்ணில் எனக்குப் பெரிய தயக்கம் உண்டு. அஸ்திவாரத்துக்கோ கிணற்றுக்கோ தோண்டிய அடிமண்ணாகவே பெரும்பாலும் வரும். பார்க்கச் சிவப்பாக அழகாக இருக்கும், மக்கிய இலைதழைச் சத்து எதுவும் இருக்காது. நாலு நாள் வெயிலில் இறுகிப்போகும். கணக்கும் போட்டுப் பாருங்கள்: மண்ணை யூனிட் கணக்கில் விற்பார்கள், ஒரு யூனிட் 100 கன அடி. உங்கள் இடம் முழுக்க அரை அடி பரப்பவே 3 யூனிட் வேண்டும். அந்த அரை அடியும் ஒரு மழையில் அமுங்கிவிடும்.

அதற்குப் பதில் 8 அடி நீளம், 4 அடி அகலம், 1 அடி உயரத்தில் இரண்டே பாத்தி கட்டுங்கள். இரண்டுக்கும் சேர்த்து 64 கன அடிதான். தோண்டிய கல்லையே சுற்றி அடுக்கினால் ஹாலோ பிளாக் செலவும் மிச்சம். பெரிய கல்லை மட்டும் எடுங்கள். பொடிக்கல் கிடக்கட்டும், மண்ணின் ஈரம் சீக்கிரம் காயாமல் அது காக்கும். பாத்தியில் மூன்றில் ஒரு பங்காவது நன்றாக மக்கிய தொழுவுரம் இருக்க வேண்டும். உங்கள் பணம் போக வேண்டிய இடம் இதுதான். பக்கத்தில் மாடு, ஆடு வைத்திருப்பவர்களிடம் கேட்டு வாங்குங்கள். கையில் எடுத்தால் உதிர வேண்டும், சாணி வாடையோ சூடோ இருக்கக் கூடாது. பச்சைச் சாணியைப் போட்டு நாற்று கருகியதை நானே பார்த்திருக்கிறேன்.

மீதிக்கு மண் வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், வயல் மேல்மண்ணா என்று கேட்டு, ஒரு கூடை வாங்கி நனைத்துக் காயவைத்துப் பாருங்கள். பாளம் பாளமாக வெடித்தால் வேண்டாம். வண்டி வந்ததும் இறக்குவதற்கு முன் நீளம், அகலம், மண் நிற்கும் உயரம் மூன்றையும் டேப்பால் அடியில் அளந்து, ஒன்றோடொன்று பெருக்கிக் கன அடி சரியா என்று பாருங்கள். சங்கடப்பட வேண்டியதில்லை, உங்கள் காசு.

தொழுவுரத்தோடு மண்புழு உரமும் வாங்கினால், மூட்டையைக் கனத்தை வைத்து மதிப்பிடாதீர்கள். அரசு தரப்படி ஈரப்பதம் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சொதசொதவென்று இருந்தால் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் விலை கொடுக்கிறீர்கள். தென்னை நார்க்கழிவுக் கட்டியில் உப்பு தங்கியிருக்கும், இரண்டு மூன்று தடவை ஊறவைத்துப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும். விதைப் பொட்டலத்தில் முளைப்புத்திறனும் காலாவதித் தேதியும் பாருங்கள். எதற்கும் பில் வாங்குங்கள். ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்ல அதுதான் கையில் இருக்கும் ஆதாரம்.

வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் அரை கிலோ மண்ணும், போர் தண்ணீரும் கொடுத்துச் சோதித்துவிடுங்கள். மண்ணில் எலுமிச்சைச் சாறு விட்டு நுரைத்தால் சுண்ணாம்பு அதிகம். இலை மஞ்சளாவதற்கு அது காரணமாகலாம், உரக்கடைக்கு ஓடுவதற்கு முன் பரிசோதனை நிலையத்தின் முடிவைப் பாருங்கள்.

முதல் பருவத்தில் தக்காளி வேண்டாமே. ஒரு பாத்தியில் கீரை, இன்னொன்றில் தட்டைப்பயறும் கொத்தவரையும் போடுங்கள், இவை புதியவர்களைக் கைவிடுவதில்லை. தண்ணீர் வற்றிய குழியை மூடிவிடாதீர்கள். தொழுவுரம் கலந்து பி.கே.எம். 1 என்ற ரகத்தின் முருங்கை விதை ஒன்றை ஊன்றுங்கள், ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். சீத்தாவுக்கும் நெல்லிக்கும் இன்னும் இரண்டு குழி எடுத்து, மழை வரும்வரை வெயிலில் ஆற விடுங்கள்.