வயிறு நிறையத் தின்றும் ஆடுகள் ஏன் மெலிகின்றன? வறண்ட பகுதியில் கோடைத் தீவனத்துக்கு என்ன செய்வது?

கேள்வியில் இருப்பது இதுதான்: பதினைந்து வெள்ளாடு, பத்து செம்மறி. மேய்ச்சல் நிலம் காய்ந்துவிட்டது. சோளத்தட்டையும் வைக்கோலும் தாராளமாகப் போடுகிறீர்கள். வயிறு பானை மாதிரி இருக்கிறது, முதுகெலும்போ துருத்திக்கொண்டு நிற்கிறது.

அந்தப் பானை வயிற்றைப் பார்த்து முதல் இரண்டு கோடை நானும் ஏமாந்தேன். அது நன்றாகத் தின்ற வயிறு இல்லை, செரிக்காமல் தேங்கிய வயிறு. ஆட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள்தான் நாரை உடைக்கின்றன. அவை வேலை செய்யத் தீனியில் 7 சதவீதமாவது புரதம் வேண்டும். வைக்கோலில் இருப்பதோ 3, 4 சதவீதம்தான். தின்றது செரிக்காது, இடம் காலியாகாது, அடுத்த வேளை இன்னும் குறைவாகத் தின்னும். நீங்கள் மேலும் ஒரு கட்டைப் பிரித்துப் போட்டால் மிதித்துப் படுத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

அதனால் இன்னும் வைக்கோல் தேடி அலையாதீர்கள். தழை தேடுங்கள். 25 கிலோ எடையுள்ள ஆட்டுக்கு ஒரு நாளைக்கு, ஈரத்தைக் கழித்துப் பார்த்தால், முக்கால் முதல் ஒரு கிலோ தீனி போதும். அதில் மூன்றில் ஒரு பங்கு மரத்தழையாக இருந்தாலே மீதித் தட்டையும் செரிக்க ஆரம்பித்துவிடும். வேல், வன்னி, அகத்தி, சூபாபுல் என எது கிடைத்தாலும் சரி. சூபாபுலில் மட்டும் கை மீறக் கூடாது. சத்தானது என்று ஒரு கோடை முழுக்க அதையே வெட்டிப் போட்டேன், செம்மறியின் மயிர் கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. அதில் மைமோசின் என்ற நச்சு உண்டு. மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

வேல நெற்றுகளையும் விட்டுவிடாதீர்கள். கீழே உதிர்வதைப் பொறுக்கிக் காயவைத்து மூட்டை கட்டினால் கோடைக்குக் கைகொடுக்கும். முழுசாகப் போட்டால் கெட்டியான விதை அப்படியே புழுக்கையில் வந்துவிடும், அதிலிருக்கும் புரதமும் வீண். இடித்துப் போடுங்கள். சீமைக் கருவேல நெற்று என்றால் கட்டாயம் இடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆடு நடந்த இடமெல்லாம் முளைத்து நிற்கும், அப்புறம் அதை வெட்டவே தனியாக ஆள் வைக்க வேண்டியதுதான்.

தழை அறவே இல்லையென்றால் புண்ணாக்கு. ஒரு ஆட்டுக்கு 100 முதல் 150 கிராம் போதும். சினையின் கடைசி ஆறு வாரத்தில் இருக்கும் ஆட்டுக்குக் கூடுதலாகக் கொடுங்கள், குட்டியின் எடையில் பெரும்பகுதி அப்போதுதான் கூடுகிறது. கிடாவுக்கும் சும்மா நிற்கும் பெரிய ஆட்டுக்கும் புண்ணாக்கை வாரி வைப்பது வீண் செலவு. தானியத்தை ஒரேயடியாக அள்ளி வைத்தாலோ வயிறு புளித்து ஆடு படுத்துவிடும்.

இரண்டு இனத்துக்கும் ஒரே இடத்தில் தீனி வைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பிரித்து வையுங்கள். வெள்ளாடு அண்ணாந்து கடிக்கும் பிராணி, தழையைக் கட்டாகக் கட்டித் தொங்கவிட்டால் வீணாக்காமல் தின்னும். செம்மறி குனிந்து மேயும், அதற்குத் தரையை ஒட்டிய தொட்டி போதும். சேர்த்து வைத்தால் வெள்ளாடு நல்லதைப் பொறுக்கிவிட்டுக் குச்சியைத்தான் செம்மறிக்கு மிச்சம் வைக்கும்.

தண்ணீர்: காய்ந்த தீனி தின்னும் ஆடு தாகமாக இருந்தால் தின்பதை நிறுத்திவிடும். நிழலில் தொட்டி, பக்கத்தில் தாது உப்புக் கட்டி.

இனி, நான் வாங்கிய பெரிய அடி. மழை பொய்த்து முழங்கால் உயரத்தில் வாடிய சோளம் என் வயலில் நின்றது. ஒரு தூறல் விழுந்து புதுக்குருத்து விட்டது. பச்சையைப் பார்த்த சந்தோஷத்தில் பசியோடு இருந்த ஆடுகளை உள்ளே விட்டேன். அரை மணி நேரத்தில் இரண்டு மூச்சுத் திணறி விழுந்து செத்தன. இளம் சோளத்திலும், வாடித் திரும்பத் தளிர்க்கும் சோளத்திலும் சைனைடு நச்சு அதிகம். பூ எடுக்கும்வரை ஆடு அந்தப் பக்கம் போகக் கூடாது. நன்றாகக் காய்ந்த தட்டையில் அந்த நச்சு பெருமளவு போய்விடும் என்பதால் இப்போது நீங்கள் போடுவதற்குப் பயப்பட வேண்டாம்.

முதல் மழைக்குப் பிறகு வரும் இளம்புல்லிலும் இதே மாதிரி ஒரு சோதனை உண்டு. காய்ந்து கிடந்த ஆடு திடீரென்று அதை மேய்ந்தால் துள்ளுமாரி என்ற குடல் நச்சு நோய் வந்து ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விடும். மழைக்கு முன்பே தடுப்பூசி போடுங்கள், முதல் வாரம் தட்டையைத் தின்னவைத்த பிறகே மேய்ச்சலுக்கு விடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. தழை இருக்கும் அளவுக்குத்தான் ஆடு வைக்க முடியும். மழைக்காலம் முடியும்போதே கையிருப்பை எண்ணிப் பார்த்து, வயதானதையும் குட்டி தங்காததையும் கொழுப்போடு இருக்கும்போதே விற்றுவிடுவேன். எலும்பு தெரிய ஆரம்பித்த பிறகு சந்தைக்கு ஓட்டினால் வாங்குபவர் சொல்வதுதான் விலை. முதுகெலும்பின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். முள் முள்ளாகத் தட்டுப்படும் ஆடுகளை முதலில் தனியாகக் கட்டுங்கள், நாளைக்கு வெட்டும் தழை அவற்றுக்குத்தான்.