‘விழுமிய நடை’ என்றால் கடினத் தமிழா? கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஒரு நூல் மதிப்புரையில் ‘விழுமிய நடை’ என்று எழுதியிருந்தார்கள். அகராதி பார்த்தால்தான் புரியும் என்று சொல்ல வருகிறார்களா?

பதில்: அப்படிப் பலர் நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறார்கள். விழுமிய என்றால் சீரிய, சிறந்த, உயர்ந்த. சொல் கடினமா எளிமையா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

தொல்காப்பியச் செய்யுளியல் எட்டு வனப்புகளை (செய்யுளுக்குரிய அழகுகளை) சொல்கிறது. அவற்றில் ஒன்று ‘தோல்’:

இழுமென் மொழியால் விழுமியது நுவலினும்
பரந்த மொழியால் அடிநிமிர்ந்து ஒழுகினும்
தோலென மொழிப தொன்மொழிப் புலவர்.

இரண்டு வழி காட்டுகிறார் பாருங்கள். விரிந்த சொற்களால் அடிகள் ஓங்கி நடப்பது ஒன்று. மற்றது, காதுக்கு இதமான மெல்லிய சொற்களால் உயர்ந்த பொருளைச் சொல்வது. ‘விழுமியது’ என்ற சொல் இந்த மெல்லிய மொழியோடுதான் வருகிறது! நன்னூலும் நூலுக்குரிய பத்து அழகுகளில் ‘விழுமியது பயத்தல்’ என்று ஒன்றை வைக்கிறது. அதுவும் பொருளைப் பற்றிய பேச்சுதான்.

கேள்வி: ஒரு உதாரணம் சொல்லுங்களேன் ஐயா.

பதில்: அடிநிமிர்ந்து ஒழுகுவதற்குத் திருமுருகாற்றுப்படை. ‘உலகம் உவப்ப வலன்ஏர்பு திரிதரு பலர்புகழ் ஞாயிறு கடற்கண் டாஅங்கு’ என்று தொடங்கி, மூச்சு வாங்காமல் போகும்.

இன்னொரு பக்கம் சிலம்பு. பாண்டியன் அவையில் கண்ணகி வாய் திறக்கிறாள்: ‘தேரா மன்னா செப்புவது உடையேன்.’ நான்கே சொல். அரசனை அவன் அவையிலேயே, நீதியை ஆராயாதவன் என்கிறாள். இதை விழுமியது என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது? இதே இடத்தில் பத்து அடைமொழி போட்டு அவளைப் பேசவிட்டிருந்தால் நாடக வசனம் ஆகியிருக்கும்.

கேள்வி: வண்டியிலிருந்து விழுந்து முட்டியில் காயம். நண்பன் ‘விழுப்புண்’ என்று கிண்டல் செய்கிறான். சரியா?

பதில்: கிண்டலாகச் சரி, இலக்கணப்படி இல்லை. இந்த ‘விழு’ சிறப்பைக் குறிக்கும் உரிச்சொல். போரில் முகத்திலும் மார்பிலும் பட்ட புண்ணே விழுப்புண் (குறள் 776). புறநானூறு 27-இல் ‘விழுத்திணை’ என்றால் சிறந்த குடி. உங்கள் முட்டிக்கு மருந்து போடுங்கள்.

கேள்வி: ‘விழுமம்’ என்றால் துன்பம் என்று படித்தேனே?

பதில்: அதுவும் உண்டு. ‘விழுமம் சீர்மையும் சிறப்பும் இடும்பையும்’ என்று தொல்காப்பிய உரியியல் மூன்று பொருள் தருகிறது. ‘விழுமந் துடைத்தவர் நட்பு’ (குறள் 107) என்ற இடத்தில் துன்பம். ஆனால் விழுமிய என்ற வடிவத்தை யாரும் துன்பமாகப் படிக்கமாட்டார்கள், பயப்பட வேண்டாம்.

கேள்வி: ஆண்டுவிழா அழைப்பிதழில் ‘விழுமியப் பேருரை’ என்று போடலாமா?

பதில்: முதலில் அந்த ‘ப்’ஐ எடுங்கள். விழுமிய பெயரெச்சம், வல்லினம் மிகாது. விழுமியம் (இன்று ‘மதிப்பீடு’ என்ற பொருளில் வழங்கும் பெயர்ச்சொல்) என்றால் மிகும், ஆனால் பொருள் மாறிவிடும். அப்புறம், உரை இன்னும் நிகழவே இல்லையே! கேட்ட பிறகு தாராளமாகச் சொல்லுங்கள். அழைப்பிதழில் ‘சிறப்புரை’ போதும்.