வளையப் பின்னல் வெள்ளி நகைக்குச் செய்கூலி ஏன் அதிகம்?

கேள்வி: ‘செயின்மெயில்’ என்று சொல்லப்படும், வளையங்களைக் கையால் பின்னிய வெள்ளிக் கைப்பட்டை ஒன்றை மகளுக்காக விசாரித்தேன். எடை 25 கிராம். அதே நீள அகலத்தில், இன்னும் நுணுக்கமாகப் பின்னிய மற்றொன்று 13 கிராம்தான் இருந்தது. ஆனால் அதற்குத்தான் செய்கூலி மிக அதிகம். வெள்ளி குறையக் குறையக் கூலி கூடுவது என்ன நியாயம்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: நியாயம்தான். நகைக்கடையில் செய்கூலியையும் சேதாரத்தையும் எடையோடு சேர்த்தே பார்த்துப் பழகிவிட்டதால் இது நமக்கு விந்தையாகத் தெரிகிறது. வளையப் பின்னலில் உழைப்பு எடையைப் பொறுத்ததன்று. வளையங்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது.

நீங்கள் பார்த்த முதல் பட்டை 1 மி.மீ. கம்பியில், 4 மி.மீ. உள்விட்டமுள்ள வளையங்களால் ஆனது என்று வைத்துக்கொள்வோம். அத்தகைய வளையம் ஒன்று ஏறத்தாழ 0.13 கிராம் எடையிருக்கும். ஆகவே 25 கிராமுக்குச் சுமார் 200 வளையங்கள். இப்போது கம்பியின் தடிமனையும் வளையத்தின் விட்டத்தையும் பாதியாக்குங்கள். ஒரு வளையத்தின் எடை எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆனால் அதே பரப்பை நிரப்ப நான்கு மடங்கு, அதாவது சுமார் 800 வளையங்கள் வேண்டும். எடை பாதியாகிறது, வேலை நான்கு மடங்காகிறது. ஒரு வளையத்தைத் திறந்து, கோத்து, மூட அரை நிமிடம் போதும் என்று கணக்கிட்டாலும் முதல் பட்டைக்கு 1 மணி 40 நிமிடமும், இரண்டாவதற்கு 6 மணி 40 நிமிடமும் ஆகும். சிறிய வளையத்தை அரை நிமிடத்தில் மூடுவதும் எளிதன்று.

இதுவும் கோக்கும் நேரம் மட்டுமே. அதற்கு முன்பே வளையங்களைச் செய்தாக வேண்டும். நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளியும் மீதி பெரும்பாலும் செம்பும் கலந்த 925 வெள்ளியைத் துளைத் தகட்டின் வழியே, பெரிய துளையிலிருந்து சிறிய துளைக்கு என்று படிப்படியாக இழுத்துத்தான் மெல்லிய கம்பியாக்குகிறார்கள். இழுக்க இழுக்கக் கம்பி இறுகி முறியப் பார்க்கும் என்பதால், இடையிடையே நெருப்பில் காட்டி அதைத் தளர்த்த வேண்டும். பிறகு எஃகுக் கோலில் நெருக்கமாகச் சுற்றிச் சுருளாக்குகிறார்கள். கோலிலிருந்து கழற்றியதும் சுருள் சற்றே விரிந்துகொடுக்கும். அந்த விரிவையும் முன்கூட்டியே கணித்துக் கோலைத் தேர்ந்தெடுக்காவிட்டால், பின்னல் விறைத்துப் போகும் அல்லது தொளதொளத்துத் தொங்கும்.

சுருளை வளையங்களாக அறுப்பதில்தான் நல்ல வேலையும் அவசர வேலையும் பிரிகின்றன. வெட்டுக் குறடால் நறுக்கினால் விரைவில் முடியும். ஆனால் முனை கூராக நசுங்கி, மூடிய பின்னும் இடைவெளி விட்டு நின்று, சேலை நூலை இழுக்கும். கால் மி.மீ. தடிமனுள்ள ரம்ப இழையால் அறுத்தால் இரு முனைகளும் தட்டையாக ஒன்றோடொன்று பொருந்தும். அப்போது உதிரும் வெள்ளித் தூளைச் சேர்த்து மீண்டும் உருக்கிக்கொள்ளலாம். அறுக்கச் செலவான நேரம் திரும்புவதில்லை.

மூடும்போது கவனியுங்கள்: இரண்டு குறடுகளால் முனைகளைப் பக்கவாட்டில் முறுக்கித்தான் திறக்கவும் மூடவும் வேண்டும். வெளிப்புறமாக இழுத்தால் வட்டம் குலைந்துவிடும். முனைகளை ஒன்றையொன்று சற்றே தாண்டும்படி முன்னும் பின்னும் அசைத்து, உள்நோக்கி மெல்ல அழுத்தி, அவை உரசும் சிறு ஒலி கேட்டதும் நிறுத்த வேண்டும். வெளிச்சத்தில் பிடித்தால் இணைப்பில் கீற்றொளிகூடத் தெரியக் கூடாது. குறடு பட்ட கீறலும் இருக்கக் கூடாது. சாதாரணமான பட்டைப் பின்னலில் ஒவ்வொரு வளையமும் நான்கு வளையங்களோடு பிணைந்திருப்பதால், ஒன்றைத் தப்பாகக் கோத்துவிட்டுப் பல வரிசைகள் கடந்து கண்டுபிடித்தால், அதுவரை பிரிக்க நேரிடும்.

சேலத்தின் கொலுசுப் பட்டறைகளில் கிலோக் கணக்கில் கூலி பேசும் வழக்கம் உண்டு. நுணுக்கமான வேலை செய்பவரை அந்த முறை வஞ்சிக்கிறது என்பதே என் உறுதியான கருத்து. எடைக்கேற்பத்தான் கூலி என்றால் 800 வளையம் கோத்தவருக்கு 200 வளையம் கோத்தவரைவிடப் பாதிதான் கிடைக்கும்.

கேள்வி: இதை இயந்திரத்திலேயே செய்துவிடலாமே?
– வாசகர், கோவை

பதில்: செய்கிறார்கள். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் 1876-ல் தொடங்கப்பட்ட விட்டிங் அண்ட் டேவிஸ் நிறுவனம் உலோக வலைப் பைகளுக்குப் புகழ்பெற்றது. தொடக்கத்தில் அந்த வலைகள் கையாலேயே பின்னப்பட்டன. சுற்றுவட்டாரத்துப் பெண்கள் வளையங்களை வீட்டுக்கு வாங்கிச் சென்று கோத்துக் கொடுத்தார்கள். 1910-களில் வலை பின்னும் இயந்திரம் வந்ததும் விலை சரிந்து, பைகள் பெருவாரியாக விற்றன. கைவேலைக்கான தேவை சுருங்கியது. சீரான வலையும் குறைந்த விலையும் போதும் என்பவருக்கு இயந்திரப் பின்னலில் குறையேதும் இல்லை. மணிக்கட்டின் அளவுக்கேற்ப வளைய அளவையும் பின்னலின் நெருக்கத்தையும் இடத்துக்கு இடம் மாற்றிச் செய்ய வேண்டுமென்றால் கைதான் வேண்டும். கையால் பின்னியது என்று சொல்லி இயந்திரப் பின்னலை விற்பதுதான் தவறு. 925 முத்திரை வெள்ளியின் தரத்துக்கு மட்டுமே சான்று. யார் பின்னினார், எப்படிப் பின்னினார் என்பதை அது சொல்லாது.

கேள்வி: ஒவ்வொரு வளையத்தையும் பற்றவைத்துவிட்டால் திறந்துகொள்ளாதல்லவா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: திறந்துகொள்ளாது, ஆனால் உழைப்பு பல மடங்காகும். உலோகங்களிலேயே வெப்பத்தை மிக விரைவாகக் கடத்துவது வெள்ளி. ஓர் இணைப்பில் தீயைக் காட்டினால் பக்கத்து வளையங்களும் சூடேறி, பற்றாசு (இணைப்பை ஒட்டவைக்க உருக்கும் உலோகக் கலவை) அங்கும் பரவி, பின்னல் அசையாமல் ஒட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு. ஆகவே பாதி வளையங்களைக் கோப்பதற்கு முன்பே பற்றவைத்து, மற்றவற்றைக் கோத்தபின் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பற்றவைப்பதே வழி. தீ பட்ட வெள்ளி இளகிவிடுவதால், எஃகு மணிகளும் சோப்பு நீரும் நிரப்பிய உருளையில் போட்டுச் சுழற்றி மெருகும் ஓரளவு விறைப்பும் ஏற்றுகிறார்கள். தடித்த கம்பியில், முனை பொருந்த மூடிய பட்டைக்குப் பற்றவைப்பு தேவையில்லை. அரை மி.மீ. கம்பியில் செய்ததை நாள்தோறும் அணிவதாக இருந்தால், கூடுதல் கூலி கொடுத்தாவது பற்றவைத்து வாங்குங்கள்.