ஸ்கோப்பின் எர்த் பின்னை எடுத்துவிடலாமா?

கேள்வி: எலக்ட்ரானிக்ஸ் ஆய்வகம் ஒன்றில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. பழுதான ஒரு ஸ்விட்ச் மோட் பவர் சப்ளையில் மாஸ்ஃபெட்டின் (ஸ்விட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) கேட் சிக்னலை, அதாவது அதை ஆன்-ஆஃப் செய்யும் சிக்னலைப் பார்க்க நினைத்தேன். ஆசிலாஸ்கோப் (சிக்னலைத் திரையில் அலையாகக் காட்டும் கருவி, சுருக்கமாக ஸ்கோப்) ப்ரோபின் கிளிப்பை, மெயின்ஸ் (சுவர் சாக்கெட் மின்சாரம்) பக்கம் இருக்கும் பெரிய கெபாசிட்டரின் நெகட்டிவில் மாட்டியதும் படாரென்று வெடித்தது. பிரேக்கர் விழுந்தது, கிளிப்பின் முனை உருகிவிட்டது, ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையரும் போனது. "ஸ்கோப்பின் எர்த் பின்னை எடுத்துவிடு, நாங்கள் எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம்" என்கிறார் சீனியர். செய்யலாமா? மெயின்ஸ் பக்கத்தில் அளக்க என் சாதாரண மல்டிமீட்டரை நம்பலாமா?

பதில்: எர்த் பின்னை எடுக்காதீர்கள். வேறு யாராவது எடுத்து வைத்திருந்தால் அந்த ஸ்கோப்பை இன்றே ஓரமாக வைத்து, பவர் கார்டை மாற்றிய பிறகு பயன்படுத்துங்கள். "எல்லாரும் செய்கிறோம்" என்று உங்கள் சீனியர் சொல்வது பொய்யல்ல. பல பெஞ்சுகளில் நானும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் என்ன நடந்தது என்று பார்ப்போம். மல்டிமீட்டரில் பழகியவர்களுக்கு ப்ரோபின் கிளிப் ஒரு கறுப்பு லீட் மாதிரித் தெரியும், எங்கே வேண்டுமானாலும் மாட்டலாம் என்று தோன்றும். அப்படியல்ல. அந்தக் கிளிப் ப்ரோப் கேபிளின் ஷீல்டுக்குப் போகிறது. ஷீல்டு, ஸ்கோப்பில் ப்ரோபைச் செருகும் பிஎன்சி சாக்கெட்டின் வெளி உலோகத்துக்கும், அது ஸ்கோப்பின் பாடிக்கும், பாடி பவர் கார்டின் எர்த் பின்னுக்கும் போகிறது. ஸ்கோப்பின் பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிட்டு, பிஎன்சியின் வெளி உலோகத்துக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே மீட்டரை கன்டின்யூட்டியில் வைத்துப் பாருங்கள். பீப் அடிக்கும். அதாவது நீங்கள் மாட்டியது கட்டடத்தின் எர்த் கம்பி.

சரி, கெபாசிட்டரின் நெகட்டிவில் எர்த்தை மாட்டினால் ஏன் வெடிக்க வேண்டும்? 230 வோல்ட் மெயின்ஸின் உச்சம் ஏறக்குறைய 325 வோல்ட். ஃபேஸ் பாசிட்டிவாக இருக்கும் அரைச் சுற்றில், பிரிட்ஜில் ஒரு டையோடு அந்த நெகட்டிவ் முனையை நியூட்ரலோடு சேர்க்கிறது. நியூட்ரல் எர்த்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அப்போது பெரிதாக ஒன்றும் ஆகாது. அடுத்த அரைச் சுற்றில் இன்னொரு டையோடு அதே முனையை ஃபேஸோடு சேர்க்கிறது, முனை மைனஸ் 325 வோல்ட் வரை இறங்குகிறது. அந்த நேரத்தில் எர்த்திலிருந்து உங்கள் கிளிப் வழியாக, டையோடு வழியாக, நேராக ஃபேஸுக்கு ஒரு ஷார்ட். நடுவில் தடுக்க வயரின் சொற்ப ரெசிஸ்டன்ஸ் மட்டும்தான். கிளிப் உருகியதும் டையோடு போனதும் அதனால்தான். சர்க்யூட் வரைபடத்தில் நெகட்டிவுக்கு கிரவுண்ட் குறி போட்டிருக்கும். அதை எர்த் என்று நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம்.

எர்த் பின்னை எடுத்தால் பிரேக்கர் விழாது, உண்மைதான். ஆனால் வோல்டேஜ் எங்கும் போய்விடவில்லை. இப்போது ஸ்கோப்பின் பாடியே மைனஸ் 325 வோல்டுக்குப் போய் வருகிறது. பிஎன்சி சாக்கெட்டுகள், திருகுகள், யுஎஸ்பி போர்ட்டின் உலோகம், மற்ற சேனல்களின் கிளிப்புகள் எல்லாமே ஃபேஸ் வயருக்குச் சமம். இரண்டாவது ப்ரோபை மாட்ட ஒரு கை பிஎன்சியைத் திருக, இன்னொரு கை எர்த் ஆன பெஞ்சையோ சால்டரிங் ஸ்டேஷனையோ தொட்டால் கரண்ட் மார்பைக் கடந்து போகும். 230 வோல்டில் கையிலிருந்து கைக்கு உடம்பின் ரெசிஸ்டன்ஸ் ஆயிரம், இரண்டாயிரம் ஓம் என்ற அளவில்தான் இருக்கும். அப்படியானால் நூறு மில்லிஆம்பியரும் அதற்கு மேலும் ஓடலாம். பத்து மில்லிஆம்பியரை ஒட்டியே கை தானாக விடுபட முடியாமல் இறுகிக்கொள்ளும்.

30 மில்லிஆம்பியர் ஆர்சிடி (கசிவு கண்டால் மின்சாரத்தை அறுக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச்) இருக்கிறதே என்பீர்கள். எர்த்துக்குக் கசியும் கரண்டை அது பிடிக்கும். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே உங்கள் உடம்பு மாட்டிக்கொண்டால் அதற்கு நீங்களும் ஒரு லோடுதான், டிரிப் ஆகாது.

சர்க்யூட்டில் எதையும் மாட்டாதபோதும் எர்த் இல்லாத ஸ்கோப் சும்மா இருக்காது. அதன் மெயின்ஸ் ஃபில்டரில் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பாடிக்குச் சின்ன கெபாசிட்டர்கள் உண்டு. எர்த் போய்விட்டால் பாடி மெயின்ஸின் பாதி வோல்டேஜில் மிதக்கும். தொட்டால் சுரீரென்று இருக்கும். கரண்ட் குறைவு என்பதால் அதுவே ஆளைக் கொல்லாது. ஆனால் அந்தச் சுரீருக்குப் பழகிப்போனவருக்கு, நிஜமான ஆபத்து வரும்போது வித்தியாசம் தெரியாது. பல வருடம் முன்பு நான் வேலை பார்த்த ஓர் ஆய்வகத்தில் ஒரு ஸ்கோப்பின் கார்டில் யாரோ எர்த் வயரை உள்ளுக்குள் வெட்டி வைத்திருந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் மூன்று பின்னும் ஒழுங்காக இருக்கும். வெட்டியவர் யார் என்றே எங்களுக்குத் தெரியாது, அவர் வேலையை விட்டுப் போயிருந்தார். ஒரு புதுப் பையன் ஷாக் அடித்துப் பின்னால் விழுந்த பிறகுதான் கார்டைப் பிரித்துப் பார்த்தோம். அவன் பிழைத்தது அதிர்ஷ்டம். இன்றைக்கும் எந்தப் புதுப் பெஞ்சில் உட்கார்ந்தாலும் முதல் வேலையாக அந்த பீப் சோதனையைச் செய்கிறேன்.

எர்த்திலிருந்து பிரிக்க வேண்டியது நீங்கள் அளக்கும் சர்க்யூட்டை. ஸ்கோப் எர்த்திலேயே இருக்கட்டும். உங்கள் வேலைக்கு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் சரியான கருவி. அதன் செகண்டரி வயர்கள் இரண்டும் எர்த்தோடு சம்பந்தமில்லாதவை. பவர் சப்ளையை அதில் செருகி, ஸ்கோப்பை வழக்கமான எர்த் சாக்கெட்டில் வைத்தால், கிளிப்பை நெகட்டிவில் தாராளமாக மாட்டலாம்.

ஆனால் மாட்டிய நொடியிலிருந்து அந்த நெகட்டிவ் எர்த் ஆகிவிடுகிறது, பாசிட்டிவ் முனை எர்த்துக்கு மேல் 325 வோல்டில் நிற்கிறது. ஒரு கை அதிலும் இன்னொரு கை ஸ்கோப் பாடியிலும் பட்டால் ஷாக் முழுதாக அடிக்கும். இந்தக் கரண்ட், ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரிக்குள்ளேயே சுற்றி வருவதால் சுவரில் இருக்கும் ஆர்சிடிக்கு அது தெரியவே தெரியாது. ஐசொலேஷன் இருக்கிறது என்று கையை உள்ளே விடுபவர்களை நினைத்துத்தான் எனக்கு அதிகம் கவலை. பவர் நிறுத்தி ப்ரோபை மாட்டுங்கள், கையை எடுங்கள், பிறகு பவர் கொடுங்கள். இன்னொன்று, எல்லா சேனல்களின் கிளிப்புகளும் ஸ்கோப்புக்குள் ஒன்றுதான். இரண்டாவது கிளிப்பை வேறொரு புள்ளியில் மாட்டினால் அங்கே மறுபடி ஷார்ட்.

வேரியாக்கை (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் என்று நினைத்துவிடாதீர்கள். அதில் இருப்பது ஒரே கம்பிச் சுருள், மெயின்ஸ் நேராக அவுட்புட்டுக்கு வருகிறது. ஐசொலேஷன் என்று பெயர்ப்பலகை இருக்கும் சில டிரான்ஸ்ஃபார்மர்களிலும் அவுட்புட்டின் ஒரு முனையை உள்ளேயே எர்த்தோடு சேர்த்திருப்பார்கள். பிளக்கை உருவிவிட்டு, அவுட்புட் பின்கள் இரண்டுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓம் பாருங்கள். ஓப்பன் காட்ட வேண்டும்.

பணம் ஒதுக்க முடிந்தால் ஆய்வகத்துக்கு ஒரு ஹை வோல்டேஜ் டிஃபரன்ஷியல் ப்ரோப் வாங்கச் சொல்லுங்கள். அதன் இரண்டு முனைகளுமே பல மெகாஓமுக்குப் பின்னால் இருப்பதால் எர்த் கிளிப் என்ற பேச்சே இல்லை. அதில் எழுதியிருக்கும் வோல்டேஜ் வரம்புக்குள் எந்த இரண்டு புள்ளிக்கும் நடுவே வைக்கலாம். அது கிடைக்காதபோது இரண்டு சாதாரண ப்ரோப்களின் முனையை மட்டும் வைத்து, கிளிப்புகளைச் சர்க்யூட்டில் எங்கும் மாட்டாமல், ஸ்கோப்பில் சேனல் ஒன்றிலிருந்து சேனல் இரண்டைக் கழிக்கும் முறை உண்டு. பாதுகாப்பானதுதான், இரண்டு முனைகளும் ப்ரோபின் வோல்டேஜ் வரம்புக்குள் இருக்கும்வரை. உங்கள் கேட் சிக்னலுக்கு அது உதவாது. 325 வோல்ட் ஆட்டத்தைத் திரைக்குள் அடக்க ஒரு கட்டத்துக்கு 100 வோல்ட் வைக்க வேண்டிவரும். எட்டுக் கட்டத்துக்கு 800 வோல்ட், 8 பிட் ஸ்கோப்பில் அது 256 படிகள், ஒரு படிக்கு மூன்று வோல்டுக்கு மேல். 12 வோல்ட் கேட் பல்ஸ் நாலு படியாகத் தெரியும். மாஸ்ஃபெட்டின் டிரெயினை (கரண்ட் உள்ளே வரும் முனையை) பார்க்கப்போனால் அங்கே உச்சம் 500, 600 வோல்டைத் தாண்டலாம். சிக்னலைப் பத்தில் ஒரு பங்காக்கும் பத்துக்கு ஒன்று ப்ரோப் பல அதைத் தாங்காது, நூறுக்கு ஒன்று எடுங்கள்.

லேப்டாப்போடு இணையும் யுஎஸ்பி ஸ்கோப்பை பேட்டரியில் ஓட்டினால் சரியா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். கூடாது. கிளிப் யுஎஸ்பி வழியாக லேப்டாப்பின் உலோகத்துக்குப் போகிறது, நீங்கள் தட்டச்சு செய்யும் பெட்டியே லைவ் ஆகும். சேனல்கள் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட, இதற்கென்றே வரும் கையடக்க ஸ்கோப்கள் வேறு விஷயம்.

இனி மல்டிமீட்டர். அதன் சாக்கெட் பக்கத்தில் வோல்டேஜோடு ரோமன் எண்ணில் ஓர் அளவீட்டு வகை (CAT) போட்டிருக்கும். ஐஇசி 61010 தரம் வகுத்தது அது. சுவர் சாக்கெட்டில் செருகும் கருவிகள் வகை 2, கட்டடத்தின் டிஸ்ட்ரிபியூஷன் போர்டு வகை 3, மின்சாரம் கட்டடத்துக்குள் நுழையும் இடமும் மின்மீட்டரும் வகை 4. உங்கள் பெஞ்ச் வேலை வகை 2. வோல்டேஜ் எண் பெரிதாக இருந்தால் மீட்டரும் பெரியது என்று நினைக்க வேண்டாம். 1000 வோல்ட் வகை 2 மீட்டரையும் 600 வோல்ட் வகை 3 மீட்டரையும் ஒரே 6000 வோல்ட் திடீர் உச்சத்துக்குச் சோதிக்கிறார்கள். ஆனால் முதலாவதற்கு 12 ஓம் மூலத்திலிருந்து, இரண்டாவதற்கு 2 ஓம் மூலத்திலிருந்து. மீட்டருக்குள் தீப்பொறி பாய்ந்தால் ஒன்றில் 500 ஆம்பியர், மற்றதில் 3000 ஆம்பியர். போர்டுக்கு எடுத்துப் போக இரண்டாவதுதான் தகும். லீடுகளுக்கும் இதே வகை உண்டு, இரண்டில் குறைந்ததே கணக்கு. வகை எதுவுமே போடாத மீட்டரை மெயின்ஸில் வைக்காதீர்கள்.

மீட்டர் விபத்துகளில் நான் அதிகம் பார்த்தது, சிவப்பு லீடை ஆம்பியர் சாக்கெட்டிலேயே விட்டுவிட்டு வோல்டேஜ் அளக்கப் போவது. அப்போது மீட்டர் ஒரு ஷார்ட் வயர்தான், உள்ளே இருக்கும் ஃபியூஸ் மட்டுமே உங்களைக் காக்கும். நல்ல மீட்டரில் மணல் நிரப்பிய, 1000 வோல்டில் பல்லாயிரம் ஆம்பியரை அறுக்கும் பீங்கான் ஃபியூஸ் இருக்கும். அது போனதும் கையில் கிடைத்த 250 வோல்ட் கண்ணாடி ஃபியூஸைப் போட்டால் அடுத்த தடவை கண்ணாடி வெடித்து ஆர்க் தொடரும். உங்கள் மீட்டரைத் திறந்து எது இருக்கிறது என்று பாருங்கள்.

பவர் நிறுத்திய பிறகும் அந்தப் பெரிய கெபாசிட்டர் நிறைந்தே இருக்கலாம். 220 மைக்ரோஃபாரட், 325 வோல்ட் என்றால் கிட்டத்தட்ட 12 ஜூல். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யாதீர்கள். 10 கிலோஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நன்கு இன்சுலேட் செய்த லீடுகளோடு வைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து விநாடி பிடியுங்கள், அப்புறம் மீட்டரால் அளங்கள். அளப்பதற்கு முன்னும் பின்னும், வோல்டேஜ் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஓர் இடத்தில் மீட்டரை வைத்துப் பாருங்கள். செத்த மீட்டரும் பூஜ்யம்தான் காட்டும்.

அந்த உருகிய ப்ரோபைத் தூக்கிப் போடுங்கள், கிளிப்பை மட்டும் மாற்ற வேண்டாம், ஷீல்டு உள்ளே கருகியிருக்கலாம். ஸ்கோப்பில் அந்தச் சேனலின் பிஎன்சி வெளி உலோகத்திலிருந்து எர்த் பின்னுக்கு மறுபடி ஓம் பாருங்கள், ஒரு ஓமுக்குள் இருக்க வேண்டும். கூடுதலாகக் காட்டினால் சர்வீஸுக்கு அனுப்புங்கள். சரியாக இருந்தால் புது ப்ரோபை மாட்டி, முகப்பில் இருக்கும் கேலிபரேஷன் சதுர அலையைப் பாருங்கள். பழைய மாதிரியே வந்தால் ஸ்கோப் தப்பித்தது.