எல்லை தாண்டிக் கூட்டிப்போனவர் மீது நம் ஊரிலேயே வழக்குப் போடலாமா?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. எங்கள் மகளிர் குழுவில் 14 பேர். பாதிப் பேருக்கு அண்டி ஆபீசில் முந்திரி உடைக்கிற வேலை. மாதம் 100 ரூபாய் சேர்த்து, மே மாதம் ஒரு நாள் திருவனந்தபுரம் போனோம். பாறசாலைப் பக்கம் டூர் நடத்தும் ஒருவர் ஆளுக்கு 1,350 ரூபாய் என்று வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் அனுப்பியிருந்தார். பத்மநாபசுவாமி கோவில், குதிரமாளிகை, மியூசியம், மிருகக்காட்சி சாலை, கோவளம், கூடவே தமிழ் பேசும் கைடு, சாப்பாடு, நுழைவுச் சீட்டு எல்லாம் அதில் அடக்கம் என்று போட்டிருந்தது. திங்கட்கிழமை போனால் கூட்டம் இருக்காது என்று நாளையும் அவரே குறித்தார். 10,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பினோம், மீதி 8,900 ரூபாயை வண்டியில் ஏறும்போது கையில் கொடுத்தோம், அதற்கு ரசீது தரவில்லை.

ஆறரைக்கு வர வேண்டிய வேன் எட்டு மணிக்கு வந்தது, அதுவும் வெள்ளை போர்டு வண்டி. கைடு வரவில்லை. அமரவிளை செக்போஸ்டில் மோட்டார் வாகன அதிகாரிகள் நிறுத்தினார்கள். "எல்லாரும் சொந்தக்காரங்கன்னு சொல்லுங்க" என்றார் டிரைவர். நாங்களும் சொன்னோம். ஒன்றரை மணி நேரம் போனது. வரி கட்ட வேண்டும் என்று ஆளுக்கு 200 ரூபாய் வேறு வாங்கினார். மியூசியத்துக்குப் போனால் திங்கள் விடுமுறை. மிருகக்காட்சி சாலையும் குதிரமாளிகையும் அப்படியே. கோவிலுக்குப் போனபோது நடை அடைத்துவிட்டார்கள். பிறகு ஒரு பெரிய மாலில் நான்கு மணி வரை உட்கார வைத்து, வண்டிக்கு வேறு ஓட்டம் இருக்கிறது என்று திரும்பக் கொண்டுவந்து விட்டார். கோவளமும் பார்க்கவில்லை. என் மாமியார் கோவிலுக்கு உடுக்க நேரியலை மடித்து மஞ்சப் பையில் கொண்டுவந்திருந்தார். மடிப்பு கலையாமல் திரும்பி வந்தது.

பணத்தைக் கேட்டால், ரசீதில் "பணம் திருப்பித் தரப்படாது, வழக்கு நெய்யாற்றின்கரை நீதிமன்றத்துக்கு மட்டும் உட்பட்டது" என்று அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார். 3,000 ரூபாய் தருகிறேன், முடித்துக்கொள்வோம் என்கிறார். நாங்கள் கேரளத்துக்குப் போய்த்தான் வழக்குப் போட வேண்டுமா? செக்போஸ்டில் பொய் சொன்னதற்கு எங்கள் மேல் கேஸ் வருமா?

பதில்:

சகோதரி, முதலில் உங்களை அலைக்கழிக்கிற கேள்விக்கு வருகிறேன். எல்லை தாண்ட வேண்டாம். நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே மனுப் போடலாம்.

பழைய சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் இடத்திலோ, பிரச்சினை எழுந்த இடத்திலோதான் வழக்கு நடக்கும். 100 ரூபாய் பொருளுக்கு ஏமாந்தவர்கூடப் பக்கத்து மாநிலத்துக்கு பஸ் ஏற வேண்டியிருந்தது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, இதை மாற்றிவிட்டது. புகார் கொடுப்பவர் வசிக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ மனுப் போடலாம் என்று பிரிவு 34(2)(ஈ) தெளிவாகவே சொல்கிறது. எல்லையோரத்தில் இருக்கும் நமக்கு இந்த ஒரு வரி பெரிய பலம். குழித்துறையில் இத்தனை வருடம் தொழில் செய்கிற எனக்கு, "அவன் கேரளாக்காரன், நம்மால் என்ன செய்ய முடியும்" என்று சொல்லிக் கைவிட்ட ஆட்களைத்தான் அதிகம் தெரியும். ஊர் முழுக்க இதைச் சொல்லுங்கள்.

ரசீதில் அச்சடித்த அந்த நெய்யாற்றின்கரை வரி, சட்டம் உங்களுக்குக் கொடுத்த உரிமையைப் பறிக்காது. நுகர்வோர் சட்டத்தின் பரிகாரம் மற்றச் சட்டங்களின் பரிகாரங்களுக்கு மேல் கூடுதலாகக் கிடைப்பது என்று பிரிவு 100 சொல்கிறது. "பணம் திருப்பித் தரப்படாது" என்ற வரியும் அப்படித்தான். நீங்கள் மனம் மாறிப் பயணத்தை ரத்து செய்திருந்தால் அவர் அதைக் காட்டிப் பேசலாம். சொன்ன சேவையை அவரே தராமல் விட்டபிறகு அந்த வரிக்குப் பின்னால் ஒளிய முடியாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. சில பேர் ஆர்வத்தில் மனுவில் "இது நியாயமற்ற ஒப்பந்தம்" என்று எழுதிவிடுவார்கள். நியாயமற்ற ஒப்பந்தம் பற்றிய புகாரை விசாரிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான் உண்டு. மாவட்ட ஆணையத்தில் அப்படி எழுதினால், இங்கே செல்லாது என்று எதிர்த்தரப்பு வக்கீல் அதையே பிடித்துக்கொள்வார். நீங்கள் "சேவைக் குறைபாடு", "நியாயமற்ற வணிக நடைமுறை" என்ற இரண்டை மட்டும் எழுதுங்கள், அதுவே போதும்.

சேவைக் குறைபாடு எங்கே என்று பார்ப்போம். மியூசியம் மூடியிருந்ததற்கு நான் என்ன செய்வேன் என்று அவர் கேட்பார், கட்டாயம் கேட்பார். திங்கள் விடுமுறை என்பது திடீரென்று வந்த புயல் மழை இல்லையே. 1880-இல் கட்டிய அந்த மியூசியமும், பக்கத்து மிருகக்காட்சி சாலையும், குதிரமாளிகையும் திங்கட்கிழமை மூடியிருக்கும் என்பது அந்த ஊரில் டூர் நடத்துகிறவருக்குப் பாலபாடம். தக்கலையில் நம் மண்ணில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனை, கேரளத் தொல்லியல் துறை கையில் இருப்பது, அதற்கும் திங்கள்தான் விடுமுறை. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கே தெரிந்த விஷயம். கோவில் நடை பகல் 12 மணிவாக்கில் அடைத்தால் மாலை 5 மணிக்குத்தான் திறக்கும் என்பதும் அப்படித்தான். இதையெல்லாம் தெரிந்து நாள் குறிப்பதற்குத்தான் நீங்கள் அவருக்குக் காசு கொடுத்தீர்கள். வழிகாட்டி என்று சொல்லிப் பணம் வாங்கியவர் வழி தெரியாமல் கூட்டிப்போனால், அதற்குப் பெயர் சேவைக் குறைபாடு. நாளைக் குறித்ததே அவர்தான் என்பது உங்கள் வாட்ஸ்அப்பில் இருக்கிறதல்லவா, இந்த வழக்கின் உயிர்நாடி அந்தச் செய்திதான்.

கைடு வராதது இரண்டாவது. "வேன்காரர் வேறு, கைடு வேறு, நான் ஏற்பாடு மட்டும்தான்" என்பது டூர்க்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். மொத்தமாகப் பேசி மொத்தமாகப் பணம் வாங்கியவர் மொத்தத்துக்கும் பொறுப்பு. வேண்டுமானால் வேன் உரிமையாளரை இரண்டாம் எதிர்மனுதாரராகச் சேர்த்துவிடுங்கள். கையில் வாங்கிய 8,900 ரூபாய்க்கு ரசீது தராததும் தனித் தப்பு. பில் கொடுக்காமல் விடுவதை நியாயமற்ற வணிக நடைமுறைப் பட்டியலிலேயே சட்டம் சேர்த்திருக்கிறது.

அடுத்து செக்போஸ்ட். இதைப் படித்தபோதுதான் எனக்குக் கவலை அதிகமானது. பணம் போனால் போகட்டும், 14 பேரை ஏற்றிக்கொண்டு வெள்ளை போர்டு வண்டி நெடுஞ்சாலையில் போயிருக்கிறது. வாடகைக்கு ஆள் ஏற்றும் வண்டிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை என்றால் சொந்த உபயோகத்துக்கான வண்டி. அதைக் கூலிக்கு ஓட்டினால் பெர்மிட் இல்லாமல் ஓட்டியதாகும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 192ஏ-படி 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. ஓட்டியவரும் ஓட்ட விட்டவரும்தான் அதற்குப் பொறுப்பு. பயணிக்கு அதில் ஒரு பைசாகூடப் பங்கு இல்லை. ஆகவே, உங்களிடம் வாங்கிய 2,800 ரூபாய், அவர் செய்த தப்புக்கு நீங்கள் கட்டிய பணம். அதை முழுசாகத் திருப்பிக் கேளுங்கள், ஒரு ரூபாய்கூட விட்டுக்கொடுக்காதீர்கள்.

சொந்தக்காரர்கள் என்று சொன்னதற்காகப் பயப்பட வேண்டாம். நீங்கள் எதிலும் எழுதிக் கையெழுத்துப் போடவில்லை, உங்கள் மேல் வழக்கு வரும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் மனுவில் அதை மறைக்காதீர்கள். டிரைவர் சொல்லச் சொன்னார், பயத்தில் சொன்னோம் என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். குறுக்கு விசாரணையில் அவர்கள் அதை வெளியே இழுப்பதைவிட நீங்களே சொல்லிவிடுவது எவ்வளவோ மேல்.

அப்புறம், இனி ஒருபோதும் அப்படிச் சொல்லாதீர்கள். அந்த வண்டி வழியில் மோதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பெர்மிட் இல்லாமல் வண்டி ஓட்டுவது காப்பீட்டு நிபந்தனையின் அடிப்படை மீறல் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லியிருக்கிறது. காப்பீட்டு நிறுவனம் முதல் நாளே கைவிரிக்கும். அதற்கு மேல், வாடகைக்கு வந்தோம் என்று நீங்கள் விபத்து இழப்பீட்டு ட்ரிப்யூனலில் சொல்வீர்கள், "சொந்தக்காரர்கள் என்று செக்போஸ்டில் சொன்னீர்களே" என்று அவர்கள் கேட்பார்கள். காயம் பட்டுக் கிடக்கும்போது இந்த வாக்குவாதம் வருடக்கணக்கில் இழுக்கும். ஏறுவதற்கு முன் போர்டைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால், எவ்வளவு நேரமானாலும் சரி, ஏறாதீர்கள்.

யார் பெயரில் மனு? பணம் அனுப்பியது நீங்கள் ஒருவர்தான் என்று தயங்குகிறீர்கள் போலத் தெரிகிறது. பணம் கொடுத்தவரின் சம்மதத்தோடு சேவையைப் பெற்றவரும் நுகர்வோர்தான். 14 பேரும் சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்துப் போடலாம். சில பேர் சேர்ந்து கூட்டாகப் புகார் கொடுக்கத் தடையில்லை என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கியிருக்கிறது. செலுத்திய தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. மனுவைத் தமிழிலேயே எழுதுங்கள். மலையாளத்தில் இருக்கும் ரசீதுக்கு மட்டும் ஒரு மொழிபெயர்ப்பு இணைத்துவிடுங்கள்.

எவ்வளவு கேட்பது என்பதில் நிதானம் வேண்டும். வண்டி உங்களைக் கொண்டுபோய்க் கொண்டுவந்து விட்டது, சாப்பாடும் கிடைத்தது. அதனால் 18,900 ரூபாயையும் அப்படியே திருப்பிக் கேட்பது பொருந்தாது. பாதியாவது, அதாவது 9,450 கேளுங்கள். அதோடு அந்த 2,800. பிறகு, நீங்கள் கடிதத்தில் எழுதாமல் விட்ட ஒன்று: திங்கட்கிழமை வேலை நாள். அண்டி ஆபீசில் வேலை செய்கிறவர்களுக்கு அன்றைய கூலி போயிருக்கும். அவர் நாளைத் தப்பாகக் குறித்ததால், போன கூலிக்குக் கண்ட பலன் ஒன்றுமில்லை. யார் யாருக்கு எவ்வளவு கூலி போனது என்று ஒரு தாளில் எழுதி, முடிந்தால் ஆலையிலிருந்து ஒரு சீட்டு வாங்கி இணையுங்கள். மன உளைச்சலுக்கு ஆளுக்கு 2,000, வழக்குச் செலவு தனியாக. லட்சக்கணக்கில் கேட்டால்தான் ஆணையம் மதிக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கணக்குக் காட்டிக் கேட்கும் தொகைதான் நிற்கும்.

மனுப் போடுவதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு ஒரு போன் போடுங்கள், தமிழில் பேசலாம். அது வழக்கு இல்லை, சமரசத்துக்கான முயற்சி. சில டூர்க்காரர்கள் அங்கிருந்து தகவல் போனதுமே பணத்தைக் கொடுத்துவிடுவதுண்டு. பத்துப் பதினைந்து நாளில் அசைவு இல்லை என்றால், 15 நாள் கெடு வைத்து ஒரு நோட்டீசை ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிட்டு மனுப் போடுங்கள். நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்திலும் போடலாம், காணொலியில் ஆஜராகவும் அனுமதி கேட்கலாம். சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம் உண்டு. ஆனாலும் தள்ளிப்போடாதீர்கள். போன் மாறும், வாட்ஸ்அப் அழியும். அந்த உரையாடலை இப்போதே வேறொரு போனுக்கும் அனுப்பி வையுங்கள், பழைய போனையும் விற்றுவிடாதீர்கள். பூட்டிய கேட்டின் முன்னால் யாராவது போட்டோ எடுத்திருந்தால் அது தங்கம். நேரத்தோடு பதிவாகியிருக்கும். அமரவிளையில் வண்டியை நிறுத்திய பதிவை வரவழைக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு, வண்டி எண்ணை மட்டும் குறித்துக் கொடுங்கள்.

எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்ததும் 30 நாள், அதற்கு மேல் 15 நாள். மொத்தம் 45 நாளுக்குள் பதில் போட வேண்டும். கேரளத்தில் இருக்கிறேன் என்று வராமல் இருந்தால் அவர் இல்லாமலே விசாரணை நடக்கும். உத்தரவு வந்த பிறகும் பணம் தரவில்லை என்றால் பிரிவு 72 இருக்கிறது: ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, அல்லது 25,000 முதல் 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அந்த 3,000 ரூபாயை வாங்க வேண்டாம். செக்போஸ்டில் வாங்கிய 2,800-ஐக் கழித்தால் 14 பேருக்கும் சேர்த்து அவர் தருவது 200 ரூபாய்தான். 12,000-க்குக் குறையாமல் பேசினால் யோசிக்கலாம். வழக்கு நடத்தும் அலைச்சல் உங்களுக்கு மிச்சம். அப்போதும் கையில் வாங்காமல் குழுவின் வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். பணம் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகு மட்டும் கையெழுத்துப் போடுங்கள். "இன்ன தேதிப் பயணத்துக்காக இன்ன தொகை" என்று எழுதியிருந்தால் போதும், அதற்கு மேல் அவர் நீட்டும் எந்தத் தாளிலும் வேண்டாம். பேச்சு முறிந்தால், உங்கள் மாமியாரின் பிரமாண வாக்குமூலத்தில் அந்த நேரியல் விஷயத்தை அவர் சொன்ன மாதிரியே ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.