மீட்டரை மாற்றியதும் வோல்டேஜ் ஏன் தாறுமாறாக வருகிறது?

கேள்வி: எங்கள் நூற்பாலையில் ஒரு எனர்ஜி மீட்டர் பழுதாகி, வேறு கம்பெனி மீட்டர் மாட்டினோம். இரண்டும் பேசுவது மாட்பஸ் ஆர்டியூ என்ற தகவல் பரிமாற்ற நெறிமுறைதான். மீட்டரின் முகப்பில் 415 வோல்ட் சரியாகத் தெரிகிறது. ஆலையை ஓரிடத்திலிருந்து கண்காணிக்கும் ஸ்காடா கணினியின் திரையிலோ ஒரு நேரம் 0, ஒரு நேரம் திரை கொள்ளாத நீளத்துக்கு ஓர் எண். திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். மீட்டரில் கோளாறு இல்லை, ஒயரிங்கும் சரிதான்.

1979இல் மாடிகான் நிறுவனம் தன் பிஎல்சிகளுக்காக (இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினிகளுக்காக) வெளியிட்ட மாட்பஸ், எப்படிக் கேட்பது, எப்படிப் பதில் சொல்வது என்பதை மட்டுமே வரையறுக்கிறது. எந்த ரிஜிஸ்டரில் (மதிப்பை வைக்கும் எண்ணிட்ட நினைவகக் கட்டத்தில்) வோல்டேஜ், எதில் யூனிட் என்பது அந்தந்தக் கம்பெனியின் இஷ்டம். ஒரு ரிஜிஸ்டரில் 16 பிட்தான் அடங்கும். 32 பிட் தசம எண்ணை இரண்டு ரிஜிஸ்டர்களில் பிரித்துத்தான் அனுப்ப வேண்டும்; எந்தப் பாதி முன்னால் என்பதிலும் ஆளுக்கொரு வழக்கம்.

415.0 என்பது 17359, 32768 என்று இரண்டாகப் போகும். ஸ்காடா இவற்றை முன்பின் மாற்றிச் சேர்த்தால் விடை கிட்டத்தட்டப் பூஜ்யம். வோல்டேஜ் 414.9 ஆனதும் இரண்டாம் பாதி 29491 ஆகிவிடும். அதையும் அப்படியே மாற்றிச் சேர்த்தால் 32 இலக்க எண்! உங்கள் திரையில் நடப்பது இதுதான். ஸ்காடா டிரைவரில் அந்த ஒரு மீட்டருக்கு மட்டும் வேர்ட் ஸ்வாப் (இரண்டு பாதிகளை இடம் மாற்றிச் சேர்க்கும்) அமைப்பை மாற்றுங்கள், சரியாகிவிடும்.

அதோடு நிறுத்திவிடாதீர்கள். சிடியின் (பெரிய கரண்டை மீட்டருக்கு ஏற்றபடி குறைத்துத் தரும் மின்மாற்றியின்) ரேஷியோவைப் பாருங்கள். 200/5 சிடி உள்ள ஃபீடரில் (மின்வழியில்) மீட்டர் 5/5 என்று அமைக்கப்பட்டிருந்தால் கரண்ட் 40 மடங்கு குறைவாகக் காட்டும். வோல்டேஜ் சரியாக இருப்பதால் யாருக்கும் சந்தேகமே வராது. அப்புறம், புது மீட்டரின் யூனிட் கணக்கு பழையது விட்ட இடத்திலிருந்து தொடராது. பழைய மீட்டரின் கடைசி ரீடிங்கைக் குறித்து வைக்காவிட்டால் மாதக் கணக்கு உதைக்கும்.

கழற்றி மாட்டியதும் ஓட வேண்டுமென்றால் நெறிமுறை ஒன்றாக இருந்தால் போதாது, தரவின் அமைப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். சோலார் இன்வெர்ட்டர்களுக்கு சன்ஸ்பெக், மோட்டார் டிரைவ்களுக்கு சிஐஏ 402, ப்ரொஃபிடிரைவ் என்ற பொதுத் தரங்கள் எல்லாம் அதற்காக வந்தவைதான். பேனல் மீட்டர்கள் பெரும்பாலும் சொந்த ரிஜிஸ்டர் பட்டியலோடுதான் வருகின்றன. அதனால் ஸ்காடா திரைகளை மீட்டர் முகவரியோடு நேராகக் கட்டாமல், இடையில் பிஎல்சியிலோ கேட்வேயிலோ (இரண்டையும் இணைக்கும் கருவியிலோ) பொதுவான டேக் பட்டியல் (மதிப்புகளின் பெயர்ப் பட்டியல்) ஒன்று வையுங்கள். மீட்டர் மாறினால் அங்கே மட்டும் கை வைத்தால் போதும்.

அடுத்த ஆர்டருக்கு முன்பே ரிஜிஸ்டர் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அதில் ஃபங்ஷன் கோடு (ரிஜிஸ்டரைப் படிக்கச் சொல்லும் கட்டளை எண்) 3ஆ 4ஆ, வேர்ட் வரிசை எது, முகவரி 0இல் தொடங்குகிறதா 1இலா என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும்.